ரயில் மின்பாதையைக் காக்கும் ரிலே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரயில் மின்பாதைப் பராமரிப்பில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். புதிதாகச் சேரும் டெக்னீஷியன்கள், லோகோ பைலட்டுகள், ரயிலில் போய்வரும் உறவினர்கள் என்று பலரும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்டார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எல்லாமே இந்திய ரயில்வேயின் 25 கிலோவோல்ட் மாறுமின்னோட்ட முறையைப் பற்றியவை.

ரயில் போயிட்டே இருக்கும்போது லைட் அணைஞ்சு, ஏ.சி. நின்னு, கொஞ்ச நேரத்துல திரும்ப வந்துடுதே. என்னதான் நடக்குது?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ரயில் நியூட்ரல் செக்‌ஷனைக் கடந்திருக்கும். அங்கே கம்பியில் மின்சாரமே இருக்காது, சில நொடிகளில் தாண்டிவிடும். அது பழுது அல்ல.

இன்னொன்று, வழியில் எங்கோ 25 கிலோவோல்ட் கம்பிக்கும் பூமிக்கும் இடையில் தொடுப்பு, அதாவது ஃபால்ட், ஏற்பட்டிருக்கும். மரக்கிளை, பறவை, பட்டத்தின் நூல், கரி படிந்த இன்சுலேட்டர் என எதுவாகவும் இருக்கலாம். டிராக்‌ஷன் துணை மின்நிலையத்தில் இருக்கும் ரிலே அதைக் கண்டுபிடித்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறந்துவிடும். சற்றுப் பொறுத்து பிரேக்கர் தானாகவே மூடும். அதற்குள் கிளை எரிந்து விழுந்திருந்தால் மின்சாரம் நிலைத்துவிடும்.

ரிலேன்னா வீட்டுல இருக்கற எம்.சி.பி. மாதிரிதானே?

வேலை ஒன்றுதான், அமைப்பு வேறு. எம்.சி.பி.யில் அளப்பது, முடிவெடுப்பது, துண்டிப்பது மூன்றும் ஒரே சின்னப் பெட்டிக்குள் நடக்கின்றன. 25 கிலோவோல்ட்டில் அப்படி முடியாது. சி.டி. (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) மின்னோட்டத்தையும் பி.டி. (பொட்டென்ஷியல் டிரான்ஸ்ஃபார்மர்) மின்னழுத்தத்தையும் சிறிய அளவாக்கித் தருகின்றன. ரிலே அவற்றைப் பார்த்து முடிவெடுக்கிறது. பிரேக்கரைத் திறக்கவைக்கும் டிரிப் காயிலுக்கு 110 வோல்ட் பேட்டரி சக்தி கொடுக்கிறது. கடைசியில் பிரேக்கர்தான் துண்டிக்கிறது.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் சாவி.

மின்வாரியத்துக்காரங்க போடற ரிலேயையே இங்கயும் போட்டா என்ன?

அடிப்படைத் தத்துவம் ஒன்றே. ஆனால் நம்முடைய சுமை நடமாடுகிறது. ஒரு சரக்கு ரயில் ஏற்றத்தில் இழுக்கும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் எடுக்கும், அடுத்த நிமிடம் பூஜ்யம். எஞ்சினின் டிரான்ஸ்ஃபார்மரைப் போடும்போது ஒரு பெரிய துள்ளல் மின்னோட்டம் வரும். மூன்று கட்ட (த்ரீ ஃபேஸ்) லைன் போல மற்ற இரண்டு கட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. இங்கே இருப்பது ஒரு கம்பி, திரும்பும் பாதையாகத் தண்டவாளமும் பூமியும். எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சின் கூரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராஃப் உரசிக்கொண்டே ஓடுகிற, திறந்தவெளியில் தொங்குகிற கம்பி இது. சாதாரண மின்பாதையைவிட இங்கே ஃபால்ட் அடிக்கடி வரும், ரிலேயும் பிரேக்கரும் அடிக்கடி உழைக்கும்.

கரண்ட் ஜாஸ்தியானா டிரிப். அவ்வளவுதானே விஷயம்? டிஸ்டன்ஸ் ரிலே எதுக்கு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 21.6 எம்.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் 27 கிலோவோல்ட் பக்கத்தில் முழுச் சுமை 800 ஆம்பியர். அதன் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்தத் தடை) சுமார் 12 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 4 ஓம். துணை மின்நிலைய வாசலிலேயே ஷார்ட் ஆனால் 6,000 ஆம்பியருக்கு மேல் பாயும். யாரும் தவறவிட முடியாத எண் அது.

இப்போது பக்கத்துத் துணை மின்நிலையம் பழுதாகி, அதன் பகுதிக்கும் நாமே மின்சாரம் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபால்ட் 50 கிலோமீட்டர் தள்ளி, ஒற்றைப் பாதையில். ஒற்றைப் பாதைக் கம்பிக்கு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.41 ஓம். மொத்தம் 20.5 ஓம், டிரான்ஸ்ஃபார்மரின் 4 ஓமையும் சேர்த்தால் 24.5. மின்னோட்டம் 1,100 ஆம்பியர்தான். சில கனரக ரயில்கள் ஒரே நேரத்தில் ஏற்றத்தில் இழுத்தாலும் கிட்டத்தட்ட அதே எண்தான் வரும். எண்ணை மட்டும் பார்த்து எது ரயில், எது ஃபால்ட் என்று சொல்ல முடியாது.

அதனால்தான் டிஸ்டன்ஸ் ரிலே மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து, இரண்டுக்கும் இடையிலான கோணத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. கம்பியின் இம்பீடன்ஸ் 70 பாகையை ஒட்டி இருக்கும். பழைய டேப் சேஞ்சர் எஞ்சினின் சுமை 37 பாகைக்குப் பக்கத்தில் இருக்கும், புதிய மூன்று கட்ட எஞ்சின்கள் பூஜ்யத்துக்கே அருகில் வந்துவிடும். ரயிலையும் ஃபால்ட்டையும் பிரித்துக் காட்டுவது அந்தக் கோணம்தான்.

தானா மூடறதா இருந்தா நாலைஞ்சு தடவை மூடிப் பார்க்கலாமே. ஏன் ஒரே தடவை?

ஒவ்வொரு முறை மூடும்போதும் ஆயிரக்கணக்கான ஆம்பியர் அந்த ஒரே இடத்தின் வழியாக மறுபடி பாயும். காண்டாக்ட் கம்பி 107 சதுர மில்லிமீட்டர் செம்பு. ஏற்கெனவே ஆர்க்கில் சூடான இடத்தை மீண்டும் சூடாக்கினால் செம்பு இளகி, இழுவிசையில் அறுந்துவிடும். கிளை விழுந்ததற்குப் பதினைந்து நிமிடத் தாமதம் போதும். கம்பி அறுந்தால் மணிக்கணக்காகும்.

ஒரு முறை மூடியும் மறுபடி டிரிப் ஆனால், ஃபால்ட் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று பொருள். அதற்குமேல் முடிவெடுப்பது டிராக்‌ஷன் பவர் கன்ட்ரோலர், அதாவது டி.பி.சி.

ஒரே இடத்துல பழுதுன்னா ஏன் இருபது முப்பது கிலோமீட்டர் மொத்தமா நின்னுபோகுது?

ஃபால்ட் மின்னோட்டத்தை அறுக்கும் திறன் துணை மின்நிலையத்து பிரேக்கருக்குத்தான் உண்டு. வழியில் செக்‌ஷனிங் போஸ்ட், சப் செக்‌ஷனிங் போஸ்ட் என்று இருக்கும் இடங்களில் பெரும்பாலும் இன்டர்ரப்டர்கள்தான் இருக்கின்றன. அவை சாதாரணச் சுமையை அறுக்கும், ஃபால்ட்டை அறுக்காது. ஆகவே முதலில் மொத்த ஃபீடரும், அதாவது அந்த ஒரு பிரேக்கர் வழியாக மின்சாரம் பெறும் பகுதி முழுவதும், போகும். பிறகு டி.பி.சி. ஸ்காடா என்ற தொலைக் கட்டுப்பாட்டு முறை வழியாக இன்டர்ரப்டர்களைத் திறந்து, துண்டு துண்டாக மின்சாரம் ஏற்றிப் பார்த்து, கெட்ட துண்டை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதை உயிர்ப்பிப்பார். அனுபவமுள்ள டி.பி.சி. இதைச் செய்து முடிக்கும் வேகம் பார்க்கவே அழகாக இருக்கும்.

ரிலே நம்பகமா இருக்குன்னு எதை வெச்சு சொல்றீங்க? டிரிப் ஆனா நல்ல ரிலேயா, ஆகாம இருந்தா நல்ல ரிலேயா?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். நம்பகத்தன்மைக்கு இரண்டு முகங்கள். தேவைப்படும்போது தவறாமல் டிரிப் ஆக வேண்டும். தேவையில்லாதபோது டிரிப் ஆகவே கூடாது. ஒன்றைக் கூட்டப்போனால் மற்றது குறையும். ரிலேயை ரொம்பக் கூர்மையாக வைத்தால் ரயிலைப் பார்த்தே டிரிப் ஆகும், மழுங்கடித்தால் ஃபால்ட்டைக் கோட்டைவிடும்.

இவற்றில் தேவையில்லாமல் டிரிப் ஆகும் தவறு சத்தம் போடும். ரயில் நிற்கும், தொலைபேசி அடிக்கும், மேலதிகாரி கேட்பார். தேவைப்படும்போது டிரிப் ஆகாத தவறு சத்தமே போடாது. டிரிப் ஆக முடியாத ஒரு ரிலே ஐந்து வருடம் அமைதியாக உட்கார்ந்திருக்கும், ஃபால்ட் வரும் அன்றைக்குத்தான் தெரியவரும். அதனால்தான் டெஸ்டிங் என்பது நம்பகத்தன்மைக்குச் செய்யும் உபசாரம் அல்ல, அதுவேதான் நம்பகத்தன்மை என்று சொல்கிறேன்.

இன்னொன்று. எம்.சி.பி. கேள்விக்குச் சொன்ன வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்: சி.டி., பி.டி., ரிலே, பேட்டரி, டிரிப் காயில், பிரேக்கர். உதாரணத்துக்கு, ஒவ்வொன்றும் ஆயிரம் தடவையில் ஒரு தடவைதான் சொதப்பும் என்று வைப்போம். ஆறும் சேர்ந்தால் ஆயிரத்தில் ஆறு. எத்தனை விலையுயர்ந்த ரிலேயை வாங்கி மாட்டினாலும் மீதி ஐந்தும் அப்படியேதான் இருக்கும்.

சும்மா சும்மா டிரிப் ஆகுது. செட்டிங்கைக் கொஞ்சம் மாத்திட்டா பிரச்சினை தீர்ந்துடும்ல?

தீராது, ஒளிந்துகொள்ளும். ஆனாலும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சில சமயம் ரிலே உண்மையிலேயே சுமையைப் பார்த்து டிரிப் ஆகிறது.

பக்கத்துத் துணை மின்நிலையத்தின் பகுதிக்கும் சேர்த்து 60 கிலோமீட்டர் ஒற்றைப் பாதையைக் காக்க வேண்டுமானால் 24.6 ஓம், கொஞ்சம் கூடுதல் இடம் விட்டு 29.5 ஓம் வரை ரிலே பார்க்க வேண்டும். டிரிப் எல்லை வட்ட வடிவில் இருக்கும் ரிலேயில் இது 70 பாகையில் இருக்கும் எட்டம். 37 பாகையில் அதே வட்டம் ஏறக்குறைய 25 ஓம் வரை எட்டும். சாதாரணமாக 25 கிலோவோல்ட், 800 ஆம்பியர் என்றால் சுமை 31 ஓமாகத் தெரியும், வட்டத்துக்கு வெளியே. ஆனால் அந்தத் தொலைவில் மின்னழுத்தம் சரிந்துவிடும். 19 கிலோவோல்ட்டுக்கு இறங்கி, மின்னோட்டம் 1,000 ஆம்பியருக்கு ஏறினால் 19 ஓம். ரயில் ஃபால்ட்டாகத் தெரியும்.

இதற்குச் சரியான மருந்து எட்டத்தைக் குறைப்பது அல்ல. குறைத்தால் கடைசி பத்து கிலோமீட்டர் காவல் இல்லாமல் போகும். எண்களாக மாற்றிக் கணக்கிட்டு முடிவெடுக்கும் நியூமெரிக்கல் ரிலேயில் நாற்கர வடிவத்தில் எல்லை போட்டு, சுமை வரும் கோணத்தை மட்டும் வெட்டிவிடலாம். நீட்டித்துக் கொடுக்கும்போது மட்டும் வேறு செட்டிங் குழுவுக்கு மாறலாம், அல்லது அந்தப் பகுதியில் ஒரே நேரத்தில் ஓடும் ரயில்களைக் கட்டுப்படுத்தலாம். ஓடும் ரயில்களின் நெருக்கடியில் யாரோ திருகிய செட்டிங்கை அப்புறம் திருப்பி வைக்க மறப்பதைத்தான் நான் அதிகம் பயந்திருக்கிறேன். மாற்றினால் எழுதி வையுங்கள். எழுதியதைப் பேனலிலேயே ஒட்டுங்கள்.

கம்பி அறுந்து கீழே விழுந்தும் கரண்ட் நிக்கலைன்னு சொல்றாங்க. அப்படியெல்லாம் நடக்குமா?

நடக்கும். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பி தண்டவாளத்தின் மேல் விழுந்தால் நல்ல ஷார்ட், உடனே டிரிப். காய்ந்த ஜல்லியிலோ வறண்ட மண்ணிலோ விழுந்தால் தடை மிக அதிகம், மின்னோட்டம் மிகக் குறைவு. துணை மின்நிலையத்து ரிலேக்கு அது ஒரு சிறிய சுமையாகத்தான் தெரியும். டிஸ்டன்ஸ் ரிலேயின் எல்லைக்குள்ளேயே வராது.

இதற்காகத்தான் டெல்டா ஐ என்ற ரிலேயை வைக்கிறார்கள். மின்னோட்டத்தின் மொத்த அளவை விட்டுவிட்டு, அது எவ்வளவு திடீரென்று மாறியது, அதில் ஹார்மானிக் (அலைவடிவத்தைக் கெடுக்கும் கூடுதல் அதிர்வெண்கள்) எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்து ரயிலையும் ஃபால்ட்டையும் பிரிக்கிறது. பல ஃபால்ட்டுகளை அது பிடிக்கும், எல்லாவற்றையும் பிடிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆகவே கீழே கிடக்கும் கம்பி உயிரோடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தீப்பொறி வரவில்லை, சத்தமில்லை என்று கிட்டப் போகாதீர்கள். மின்சாரம் நிறுத்தப்பட்டு, கம்பியைப் பூமியோடு இணைக்கும் எர்த் ராடு போட்ட பிறகுதான் அது வெறும் செம்பு.

நியூட்ரல் செக்‌ஷன்ல டி.ஜே.யைத் திறக்காம போயிட்டா என்ன ஆகும் சார்?

லோகோ பைலட்டுகள் கேட்பது. டி.ஜே. என்பது எஞ்சினில் இருக்கும் பிரதான பிரேக்கர். 500 மீட்டரிலும் 250 மீட்டரிலும் எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பது இதற்காகத்தான். அடுத்தடுத்த துணை மின்நிலையங்கள் வெவ்வேறு கட்டங்களில் இருந்து மின்சாரம் எடுக்கின்றன. இரு பக்கமும் 25 கிலோவோல்ட், ஆனால் 120 பாகை வித்தியாசத்தில் இருந்தால் இரண்டுக்கும் நடுவே 43 கிலோவோல்ட். சுமையோடு உள்ளே நுழைந்தால் ஆர்க் நீண்டு இரண்டையும் இணைக்கலாம், எர்த்துக்கும் தாவலாம்.

இரண்டு கட்டங்கள் இணைந்துவிட்டால் வேடிக்கையான ஒன்று நடக்கிறது. ஒரு பக்கத்து ரிலேக்கு அது 40 பாகையை ஒட்டி, ஏறக்குறைய சுமை போலவே தெரியும். மறுபக்கத்துக்கு 100 பாகையைத் தாண்டித் தெரியும். 70 பாகைக்காகச் செய்த டிஸ்டன்ஸ் ரிலே இதை உறுதியாகப் பிடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அதற்காக 125 பாகையை நோக்கி வைத்த ராங் ஃபேஸ் கப்ளிங் ரிலே தனியாக இருக்கிறது.

புது எஞ்சின் பிரேக் போடும்போது கரண்டைத் திருப்பி அனுப்புதே, அதைப் பார்த்து ரிலே குழம்பாதா?

குழம்ப இடமுண்டு. டபிள்யூ.ஏ.பி. 7, டபிள்யூ.ஏ.ஜி. 9 போன்ற எஞ்சின்கள் சக்தியைக் கம்பிக்குத் திருப்பித் தரும்போது, இம்பீடன்ஸ் 180 பாகைப் பக்கம் தாவும். போன பதிலில் சொன்ன 125 பாகை வட்டத்தின் ஓரம் அந்தப் பக்கமும் பரவியிருக்கிறது. ஆனால் 4 மெகாவாட் திரும்பினால் 160 ஆம்பியர், அதாவது 156 ஓம். வட்டத்துக்கு வெகு வெளியே. பல ரயில்கள் சேர்ந்து இறங்கும் மலைப்பாதையில் மட்டும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு செட்டிங் வையுங்கள்.

பி.டி. ஃபியூஸ் போயிட்டா டிஸ்டன்ஸ் ரிலே என்ன பண்ணும்?

மின்னழுத்தம் பூஜ்யம், மின்னோட்டம் இருக்கிறது. வகுத்தால் பூஜ்ய ஓம். வாசலிலேயே ஃபால்ட் என்று நினைத்து டிரிப் செய்யும். அதனால் ஃபியூஸ் போனதைக் கண்டுபிடித்துத் தடுக்கும் வசதியை வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் நல்ல ரிலே எது என்ற கேள்வியில் பார்த்த இழுபறி திரும்ப வருகிறது. தடுத்துவிட்டால் அந்த நேரத்தில் டிஸ்டன்ஸ் பாதுகாப்பு இல்லை. மின்னழுத்தமே தேவைப்படாத உடனடி ஓவர்கரண்ட் ரிலேதான் கைகொடுக்கும், அதுவும் பக்கத்து ஃபால்ட்டுக்கு மட்டும். ஃபியூஸ் அலாரம் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

பழைய மெக்கானிக்கல் ரிலே 30 வருஷம் ஓடுச்சு. நியூமெரிக்கல் அவ்வளவு நாள் தாங்குமா?

அவ்வளவு நாள் தாங்காது, ஆனால் அது கெட்டால் பெரும்பாலும் தானே சொல்லிவிடும். பழைய ரிலேயின் தட்டில் தூசி படிந்து ஒட்டிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. நியூமெரிக்கல் ரிலே தன் நினைவகத்தையும் அளவீட்டையும் இடைவிடாமல் சோதித்து, தவறு என்றால் அலாரம் கொடுக்கும். ஃபால்ட் நேரத்து அலைவடிவத்தையும் பதிந்து வைக்கும். என் தேர்வு நியூமெரிக்கல்தான்.

ஆனால் அதற்கு உள்ளே இருப்பது மட்டும்தான் தெரியும். சி.டி. கம்பி தலைகீழாக மாட்டியிருப்பதோ, யாரோ தவறான எண்ணைச் செட்டிங்கில் போட்டதோ தெரியாது. ஒரே தவறான செட்டிங் கோப்பைப் பத்து ரிலேக்களில் ஏற்றினால் பத்தும் ஒரே மாதிரி தவறும். பழைய காலத்தில் தவறுகள் தனித்தனியாக வரும்.

பேட்டரியைப் பத்தி ஏன் இவ்வளவு அலட்டிக்கிறீங்க? மீட்டர் 110 காட்டுதே?

ஒரு துணை மின்நிலையத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மீட்டர் 110 வோல்ட் காட்டியது, பதிவேட்டில் எல்லா மாதமும் சரி என்றே இருந்தது. சார்ஜரை நிறுத்திவிட்டு ஃபீடர் பிரேக்கரை ரிலே வழியாக டிரிப் செய்து பார்க்கச் சொன்னேன். ரிலே விளக்கு ஒரு கணம் மங்கியது. பிரேக்கர் அசையவில்லை.

இரண்டு செல்களுக்கு நடுவே இருந்த இணைப்புப் பட்டை அரித்துத் தளர்ந்திருந்தது. மீட்டர் காட்டிக்கொண்டிருந்தது சார்ஜரின் மின்னழுத்தத்தை. டிரிப் காயில் கேட்ட மின்னோட்டத்தை அந்தப் பட்டையால் கொடுக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே பட்டையைச் சுத்தம் செய்து, இறுக்கி, திரும்பச் சோதித்தோம். அது வரை அந்த ஃபீடர் எத்தனை வாரம் காவல் இல்லாமல் கிடந்தது என்பது இன்னும் என்னை உறுத்துகிறது.

பிரேக்கர் மாட்டிக்கிட்டா பின்னாடி இருக்கறது காப்பாத்தாதா?

காப்பாற்றும். ஃபீடர் பிரேக்கர் திறக்கவில்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மரின் 25 கிலோவோல்ட் பக்கத்து பிரேக்கர், அதுவும் இல்லையென்றால் மேல் மின்னழுத்தப் பக்கத்து பிரேக்கர், தாமதித்து இயங்கும். அதற்குள் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் நிறையச் சூட்டைத் தாங்கியிருக்கும்.

ஆனால் இந்த மூன்றும் ஒரே பேட்டரியை நம்பியிருக்கலாம். போன பதிலில் சொன்ன பட்டை அப்படித்தான். ஒரே காரணத்தால் எல்லாமே விழக்கூடிய இடத்தில் இரண்டு, மூன்று என்று எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை. பின்காவலுக்குத் தனி சி.டி. கோர், தனி டி.சி. ஃபியூஸ், முடிந்தால் தனி பேட்டரி என்று பிரித்துவைத்தால்தான் அது உண்மையான பின்காவல்.

ஃபால்ட் லொகேட்டர் 12.4 கிலோமீட்டர்னு காட்டுச்சு, நடந்துபோய்ப் பார்த்தா 14-ல இருக்கு. ரிலே தப்பா?

ரிலே தூரத்தை அளப்பதில்லை, ஓமைத்தான் அளக்கிறது. இரட்டைப் பாதைகளை வழியில் இணைத்துவைத்திருந்தால் மின்னோட்டம் இரு வழியாகவும் போகும், கிலோமீட்டருக்கு 0.41 என்பது 0.24 வரை மாறும். எந்த இன்டர்ரப்டர் திறந்திருந்தது என்று தெரியாமல் வகுத்தால் தப்பாகத்தான் வரும். 2×25 கிலோவோல்ட் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் முறையில், பீனா கட்னி பாதையிலும் தனிச் சரக்குப் பாதைகளிலும் இருப்பது போல, ஓமுக்கும் தூரத்துக்கும் நேர்க்கோட்டு உறவே கிடையாது. அங்கே கணக்கு வேறு.

டிரிப் ஆச்சு, தானா மூடிச்சு, ரயிலும் போயிடுச்சு. அதுக்கும் எதுக்கு ரிப்போர்ட்?

ஏனென்றால் அந்த டிரிப் ஒரு தகவல். ஒரு முறை 9.1, ஒரு வாரம் கழித்து 9.3, அடுத்த மழையில் 9.2 என்று லொகேட்டர் காட்டினால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. கடலோரமாக இருந்தால் உப்புப் படிந்த இன்சுலேட்டராக இருக்கலாம். விடியற்காலைப் பனியில் மட்டும் டிரிப் ஆனால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். மத்தியானக் காற்றில் மட்டும் என்றால் மரத்தைப் பாருங்கள். நேரம், வானிலை, லொகேட்டர் எண், அலைவடிவம் நான்கையும் ஒரே வரியில் எழுதிவையுங்கள், போதும்.

நான் பார்த்த ஒரு ஃபீடரில் இப்படி நான்கு வரிகள் சேர்ந்த பிறகு ஆள் அனுப்பினோம். பாதைக்கு வெளியே நின்ற ஓர் அரசமரத்தின் கிளை, காற்றில்லாதபோது கம்பியிலிருந்து நல்ல தூரத்தில்தான் இருந்தது. அதன் நுனி இலைகள் மட்டும் கருகியிருந்தன.